6 வோல்ட் காரை 12 வோல்ட்டுக்கு மாற்றினால் உள்ளே என்ன நடக்கிறது?

பெங்களூரு காக்ஸ் டவுனில் இருக்கும் என் மாமாவிடம் 1963-ஆம் வருடத்து ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்து வாசலில் நிறுத்தினால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அதன் 6 வோல்ட் பேட்டரியில் வந்து நிற்கும். "12 வோல்ட் போட்டுடுங்க சார், லைட்டு ரெண்டு மடங்கு எரியும்" என்பார் ஒருவர். "ஐயோ, பழைய வயரெல்லாம் கருகிடும்" என்பார் இன்னொருவர். "பேட்டரிய மட்டும் மாத்துங்க, மத்ததெல்லாம் தானா ஏத்துக்கும்" என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே தவறு. ஆனால் மூன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு இத்தனை காலம் ஓய்வில்லாமல் சுற்றுகிறது. இதை நம்பி அழகான பழைய வண்டிகளின் காயில், வைப்பர் மோட்டார், ரேடியோ எல்லாவற்றையும் புகைத்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். படிக்க எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

## மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி

பெங்களூரில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது தெரியும். தொட்டி மொட்டைமாடியில் ஒன்றுதான். ஆனால் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். மூன்றாம் மாடிக் குழாயில் நூல் மாதிரி வழியும். தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே உள்ள உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. மூன்றாம் மாடிக்குத் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் தள்ளும் வேகம் குறைவு.

மின்சாரத்தில் அந்த உயரத்துக்குப் பெயர் வோல்ட்டேஜ். தமிழில் மின்னழுத்தம். அதன் அளவு வோல்ட். குழாயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைப் போல, வயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதுதான் கரண்ட். அதன் அளவு ஆம்பியர். குழாய் ஒடுங்கியிருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ தண்ணீர் தயங்கும் அல்லவா, அந்தத் தயக்கத்துக்குப் பெயர் ரெசிஸ்டன்ஸ், அதாவது தடை. அதை ஓம் என்ற அளவில் சொல்வார்கள்.

காரில் இருக்கும் ஈய-அமில பேட்டரி, சிறு சிறு செல்களை வரிசையாகக் கோத்தது. ஒரு செல் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். மூன்று செல் கோத்தால் 6 வோல்ட், ஆறு செல் கோத்தால் 12. தொட்டியை இரண்டு மடங்கு உயரத்தில் தூக்கி வைத்தது போலத்தான். உயரத்தில் வைத்ததால் தொட்டியில் தண்ணீர் கூடிவிடாது. பீட்டிலிலேயே பாருங்கள். 6 வோல்ட் மாடலில் வந்த பேட்டரி 66 ஆம்பியர்-அவர் (எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதன் பெருக்கல்), பிறகு வந்த 12 வோல்ட் மாடலில் 36. வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் முதலாவது 396, இரண்டாவது 432. சேமித்து வைத்திருக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றேதான். 6 வோல்ட் பேட்டரியை "நோஞ்சான்" என்று நினைப்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காததால் வருவது.

## சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயல் வரை

இன்னும் ஒரே ஒரு சொல் வேண்டும்: வாட். ஒரு கருவி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதன் அளவு அது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும்.

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்க் கதையே இருக்கிறது. என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அங்கே சுரங்க இயந்திரங்களை ஓட்ட மின்சாரம் வந்தது 1902-இல், காவிரியின் சிவனசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து. பெங்களூரு தெருவிளக்கு எரிய ஆரம்பித்ததே அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1905-இல்தான். நீர்வீழ்ச்சியில் சக்கரம் சுழலும் பலம் இரண்டைப் பொறுத்தது: தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, எவ்வளவு தண்ணீர் விழுகிறது. உயரம் இரண்டு மடங்காக இருந்தால் பாதித் தண்ணீரே அதே வேலையைச் செய்துவிடும். வாட் என்பதும் அப்படித்தான். வோல்ட் உயரம், ஆம்பியர் தண்ணீர்.

சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு வயர் இழுத்தபோது பொறியாளர்கள் மின்சாரத்தை 30,000 வோல்ட் அளவுக்கு ஏற்றித்தான் அனுப்பினார்கள். ஏன்? வோல்ட் ஏற ஏற, அதே வாட்டைக் கொண்டுபோக ஆம்பியர் குறைவாகவே தேவைப்படும். ஆம்பியர் குறைந்தால் வயரில் வீணாவதும் குறையும். வயர் சூடாகி வீணாகும் சக்தி, ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் பாதியானால் வீணாவது பாதியாகக் குறையாது, கால்பங்காகவே குறைந்துவிடும்.

பீட்டிலில் வயரின் நீளம் 147 கிலோமீட்டர் இல்லை, நாலைந்து மீட்டர்தான். ஆனாலும் அதே விதிதான் அங்கும்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: வோல்ட் உயரம், ஆம்பியர் ஓட்டம், ஓம் தடை, வாட் வேலை. அதே வேலையை இரண்டு மடங்கு வோல்ட்டில் செய்தால் பாதி ஆம்பியர் போதும்.

## குழப்பம் பிறக்கும் இடம்

"12 வோல்ட் போட்டால் கரண்ட் பாதியாகும்" என்று ஒருவர் சொல்வார். "12 வோல்ட் போட்டால் கரண்ட் இரண்டு மடங்காகும்" என்று அடுத்தவர் சொல்வார். இருவரும் சத்தம் போட்டுச் சண்டை போடுவதை நான் கேட்டிருக்கிறேன். இருவர் சொல்வதும் சரிதான். அவர்கள் பேசுவது இரண்டு வேறு நிலைமைகளைப் பற்றி. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

முதல் நிலைமை: அதே வேலை, ஆனால் புதுக் கருவி. 6 வோல்ட்டுக்கான 36 வாட் பல்பைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட்டுக்கான 36 வாட் பல்பைப் போடுகிறீர்கள். முன்னது 6 ஆம்பியர் இழுத்தது, பின்னது 3 ஆம்பியர்தான் இழுக்கும். கரண்ட் பாதி. வெளிச்சம் தரும் வாட் அதே 36.

இரண்டாம் நிலைமை: அதே கருவி, புது வோல்ட். பழைய 6 வோல்ட் பல்பை எடுக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிவிடுகிறீர்கள். அந்தக் கருவியின் தடை மாறவில்லை, தள்ளும் உயரம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. ஓட்டமும் இரண்டு மடங்காகும். இரண்டு மடங்கு வோல்ட், இரண்டு மடங்கு ஆம்பியர், பெருக்கினால் நாலு மடங்கு வாட். சூடாகும்போது பல்பு இழையின் தடை கொஞ்சம் ஏறும் என்பதால் சரியாக நாலு வராது. ஆனால் அந்த வித்தியாசத்தை அளந்து பார்க்கும் முன்பே, ஒரு மின்னல் வெட்டி பல்பு செத்திருக்கும்.

வயர் கருகும் என்று பயப்படுகிறவர் இரண்டாம் நிலைமையை நினைத்துப் பயப்படுகிறார். முறையாக மாற்றிய வண்டியில் இருப்பது முதல் நிலைமை. 6 வோல்ட் வண்டியின் வயர்கள் அதிக ஆம்பியரைத் தாங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே தடிமனாகப் போடப்பட்டவை. மாற்றிய பிறகு அவற்றில் பாதி ஓட்டம்தான். தடிமனைப் பொறுத்தவரை அவற்றுக்குக் கொண்டாட்டம். 12 வோல்ட் வண்டியை 6-க்கு இறக்கினால்தான் வயர் போதாமல் போகும்.

## வெளிச்சம் எங்கே போகிறது

அப்படியானால் வாட் மாறாதபோது, மாற்றியவர்கள் எல்லோரும் "லைட் பிரமாதம்" என்று ஏன் சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை.

பேட்டரியிலிருந்து ஹெட்லைட் வரை மின்சாரம் போகும் வழியை யோசித்துப் பாருங்கள். வயர், சுவிட்ச், ஃபியூஸ், டிப்பர், துரு ஏறிய ஹோல்டர், பிறகு பாடி வழியாகத் திரும்பும் எர்த். எர்த் என்றால், திரும்பும் பாதைக்குத் தனி வயர் போடாமல் வண்டியின் இரும்பு உடம்பையே பயன்படுத்துவது. இந்த வழி முழுவதிலும் மொத்தமாக 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அற்பமாகத் தெரியும். அறுபது வயது வண்டியில் இது சாதாரணம்.

ஆம்பியரைத் தடையால் பெருக்கினால் வழியில் தொலையும் வோல்ட் கிடைக்கும். 6 வோல்ட் வண்டியில் 6 ஆம்பியர் ஓடுகிறது. 6 பெருக்கல் 0.1, தொலைவது 0.6 வோல்ட். 6-இல் 0.6 என்றால் பத்து சதவீதம். 12 வோல்ட் வண்டியில் 3 ஆம்பியர், தொலைவது 0.3 வோல்ட். 12-இல் 0.3 என்பது இரண்டரை சதவீதம். அதே துரு, அதே வயர், ஆனால் இழப்பின் பங்கு நாலில் ஒன்று.

பத்து சதவீதம்தானே என்று தோன்றும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு சேர்ந்து சமமாகக் குறைவதில்லை, சரிந்து விழுகிறது. வோல்ட்டில் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். இரண்டரை சதவீதம் குறைந்தால் போவது எட்டு சதவீதம் அளவுக்குத்தான். ஓசூர் ரோட்டில் இரவில் எதிர்வண்டி வரும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

செல்ஃப் மோட்டாரில் இது இன்னும் கடுமை. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் அந்த மோட்டார் 6 வோல்ட்டில் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். கேபிளிலும் எர்த்திலும் சேர்த்து ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட 2 வோல்ட் காணாமல் போகும். மோட்டாருக்கு வந்து சேர்வது நாலே வோல்ட். மார்கழிக் காலையில் வண்டி முனகிக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆக, 12 வோல்ட் தானாகப் புது வெளிச்சம் எதையும் உண்டாக்குவதில்லை. வழியில் தொலைந்துகொண்டிருந்ததை மிச்சப்படுத்துகிறது.

## மாற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிடம்

இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 6 வோல்ட்டைக் குறை சொல்லப்படும் வண்டிகளில் பலவற்றுக்கு 12 வோல்ட் தேவையில்லை. நல்ல எர்த்தும் தடித்த கேபிளும்தான் தேவை.

மாமாவின் பீட்டில் ஒரு முறை சுத்தமாகக் கிளம்ப மறுத்தது. செல்ஃப் போட்டால் "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் "பழைய கேபிள் அசிங்கமா இருக்கு" என்று சொல்லிப் புதுசு போட்டுக் கொடுத்திருந்தார்கள். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. சிவாஜிநகரில் பழைய வண்டிகளுக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"பாய், பேசாம 12-க்கு மாத்திடலாமா?"

"இருங்க சார். இந்த கேபிள யார் போட்டது? இது 12 வோல்ட் வண்டிக்குப் போடறது. விரல் தடிமன்ல ஒண்ணு போட்டாத்தான் 6 வோல்ட் வண்டி எந்திரிக்கும்."

பாய் தடித்த கேபிளை வெட்டி, முனைகளில் லக் (கேபிளைப் போல்ட்டில் மாட்டும் உலோக முனை) அழுத்திப் போட்டார். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, அதன் கீழிருந்த பெயின்ட்டையும் துருவையும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டினார். அன்று சாயங்காலம் வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது.

அந்த ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. நம் ஊரில் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் பழகியது அம்பாசடரிலும் ஃபியட்டிலும். அவை 12 வோல்ட் வண்டிகள். பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் முன்பே 12-க்குப் போய்விட்டன. 6 வோல்ட்டை நீண்ட காலம் வைத்திருந்தவர்கள் அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும். அமெரிக்காவில் 1953 காடிலாக், 1955 செவ்ரோலே, 1956 ஃபோர்டு என்று ஒவ்வொன்றாக 12-க்கு நகர்ந்தன. போருக்குப் பிறகு வந்த பெரிய, அழுத்தம் கூடிய எஞ்சின்களைச் சுழற்ற 6 வோல்ட் திணறியதுதான் காரணம். பீட்டில் அமெரிக்கச் சந்தைக்கு 12 வோல்ட்டில் போனது 1967 மாடலில். ஆகவே நம் ஊரில் 6 வோல்ட் கார் என்பது அபூர்வப் பிராணி. அதைக் கையாளும் கையும் அபூர்வம்.

உங்கள் வண்டியில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்புக்கு மின்சாரம் வரும் முனையிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் போகும் வழியில் தொலைந்த வோல்ட். அப்புறம் பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பு ஹோல்டரின் உடம்புக்கும் இடையே அளந்தால், திரும்பும் வழியில் தொலைந்தது தெரியும். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஹெட்லைட் பக்கத்திலேயே ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேரே தடித்த வயர் கொடுத்தாலும் வெளிச்சம் நன்றாகத் தேறும். ரிலே என்பது, சுவிட்ச் சொல்லும் சின்னக் கட்டளையைக் கேட்டு பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் ஒரு சிறு பெட்டி.

இவ்வளவும் செய்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் அதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. 6 வோல்ட் பல்பும் பேட்டரியும் தேடி ஜே.சி. ரோடு முழுக்க அலைய வேண்டியிருக்கிறது. 12 வோல்ட் என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும். இரவில் நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கும் மாற்றுவது நல்லதுதான்.

## ஒவ்வொரு கருவியையும் தனியாகக் கேட்க வேண்டும்

முறையாக மாற்றுவது என்றால், வண்டியில் மின்சாரம் தின்னும் ஒவ்வொன்றையும் "நீ 12 தாங்குவாயா?" என்று தனித்தனியாகக் கேட்பது. பதில் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பல்புகளில் யோசிக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஸ்பீடோமீட்டருக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு, பச்சைக் குட்டி பல்புகளை மறந்துவிடாதீர்கள். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃப்ளாஷரும் மாற வேண்டும்.

டைனமோவில்தான் செலவு. டைனமோ என்பது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மீண்டும் சார்ஜ் ஏற்றும் இயந்திரம். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, தொட்டியின் உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே தள்ளினால்தான் தண்ணீர் உள்ளே விழும். 6 வோல்ட் பேட்டரிக்கு 7 வோல்ட்டுக்குச் சற்று மேல் தேவை, 12 வோல்ட் பேட்டரிக்கு 14-க்குச் சற்று மேல். பழைய அமைப்பு 7-இலேயே நின்றுவிடும். அதனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் அது சார்ஜ் ஏறாமல் மெல்ல மெல்லக் காலியாகி, ஒரு நாள் நடுரோட்டில் நிறுத்தும். 12 வோல்ட் டைனமோவும், அதன் வோல்ட்டை வரம்புக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் ஜோடியாக வர வேண்டும்.

டைனமோவுக்குப் பதில் ஆல்ட்டர்னேட்டர் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். வேகம் குறைவாக இருக்கும்போதும் அது நன்றாகச் சார்ஜ் தரும், சில்க் போர்டு நெரிசலுக்கு ஏற்றது. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் ஆல்ட்டர்னேட்டரைத் தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் நொடியில் போய்விடும். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு. பீட்டிலுக்கு வேறொரு சிக்கல்: எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றாடி டைனமோவின் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. எதைப் போட்டாலும் அந்தக் காற்றாடி சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினே கெடும்.

இக்னிஷன் காயில் ஸ்பார்க் பிளக்குக்கான பெரிய வோல்ட்டைத் தயாரிப்பது. 6 வோல்ட் காயிலின் தடை 12 வோல்ட் காயிலின் தடையில் பாதி அளவுதான் இருக்கும். அதை அப்படியே விட்டால் இரண்டு மடங்கு கரண்ட் ஓடி, காயிலும் சுடும், காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டும் கருகும். 12 வோல்ட் காயில் வாங்கிப் போடுவது பெரிய செலவில்லை. பாயிண்ட்டும் அதோடு இருக்கும் கண்டென்சரும் பழையதே போதும். தானியங்கி சோக் (குளிர்ந்த எஞ்சின் கிளம்ப பெட்ரோல் பங்கைக் கூட்டும் அமைப்பு) உள்ள கார்புரேட்டரில், சோக்கைச் சூடாக்கும் சுருளையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். 1960-களின் பீட்டிலில் இது இருக்கிறது. பலர் மறப்பது இதைத்தான்.

செல்ஃப் மோட்டார் ஒரு விசித்திரம். பழைய 6 வோல்ட் மோட்டாரையே 12-இல் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அது வருடக்கணக்காக ஓடுகிறது. இரண்டாம் நிலைமையில் கருவி கருகும் என்று சொன்னேனே, இது மட்டும் எப்படித் தப்பிக்கிறது? நேரம்தான் காரணம். நல்ல எஞ்சின் இரண்டு நொடியில் கிளம்பிவிடும், சூடு ஏறச் சமயமில்லை. ஆனால் விடாமல் பத்து நொடி, இருபது நொடி அழுத்தினால் மோட்டார் வெந்துவிடும். அதோடு, வேகமாகச் சுழன்று வரும் பல்சக்கரம், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் பற்களில் ஓங்கி மோதுவதால் பற்கள் சீக்கிரம் தேயும். அப்படியென்றால் 12 வோல்ட் மோட்டாரே வாங்கிவிடலாமே என்றால், பீட்டிலில் 6 வோல்ட் ஃப்ளைவீலுக்கு 109 பற்கள், 12 வோல்ட்டுக்கு 130. கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் கடிக்காது. ஹாரனும் இதே வகைதான். 12-இல் கத்தும், தொட்டுத் தொட்டு அடித்தால் கொஞ்ச காலம் தாங்கும். நான் மாற்றச் சொல்வேன்.

வைப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகஸ்ட் மழையில் அது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். 12 வோல்ட் மோட்டார் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

இதுவரை பார்த்ததில் ஒரு வகை தெரியும்: தொடர்ந்து ஓடுவதெல்லாம் மாற வேண்டும், நொடிக்கணக்கில் ஓடுவது மட்டும் பொறுத்துக்கொள்ளும்.

## ரெசிஸ்டரும் நடுக்கம்பியும்

மாற்ற முடியாத பொருட்களும் உண்டு. மீட்டர் பலகையின் அழகைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? ஆம்பியர் மீட்டருக்கு வோல்ட்டைப் பற்றிக் கவலையில்லை, அது ஓட்டத்தை மட்டுமே அளக்கிறது, அப்படியே விடலாம். மின்சாரத்தில் இயங்கும் பெட்ரோல் கேஜும் வெப்பக் கேஜும் 12-இல் தவறாகக் காட்டும் அல்லது எரிந்துபோகும். மாமாவின் 1963 பீட்டிலில் பெட்ரோல் கேஜ் மெல்லிய கேபிளால் மெக்கானிக்கலாக இயங்குவது. அந்தத் தலைவலி அவருக்கு இல்லை.

இங்கேதான் "ஒரு ரெசிஸ்டர் போட்டா முடிஞ்சுது" என்ற யோசனை வரும். ரெசிஸ்டர் என்பது வேண்டுமென்றே வைக்கும் தடை. அது எத்தனை வோல்ட்டைக் குறைக்கும் என்பது அதன் வழியே ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது. ஒரே அளவு கரண்ட் எடுக்கும் பொருளுக்குச் சரி. ரேடியோவோ கேஜோ நிமிடத்துக்கு நிமிடம் வேறு வேறு கரண்ட் எடுக்கும், அப்போது வோல்ட்டும் கூடவே ஏறி இறங்கும். அவற்றுக்கு வோல்ட்டேஜ் ரெட்யூசர் தேவை. எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் 6 வோல்ட்டிலேயே பிடித்து நிறுத்தும் சிறு மின்னணுப் பெட்டி அது.

இன்னொரு குறுக்குவழியும் சொல்வார்கள்: இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக வைத்து 12 எடுத்துக்கொண்டு, நடுவிலிருந்து ஒரு வயர் இழுத்து ரேடியோவுக்கு 6 கொடுப்பது. தொடராக வைப்பதில் தப்பில்லை. நடுவில் இழுப்பதுதான் தப்பு. ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாகக் காலியாகும். டைனமோவோ இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்யும். காலியானது நிறையவே நிறையாது, நிறைந்தது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கொதிக்கும். சில மாதத்தில் இரண்டும் போய்விடும்.

## வயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை

தடிமன் போதும் என்று முன்னால் சொன்னேன். உறை போதுமா என்பது வேறு கேள்வி. அறுபது வருடத்து ரப்பரும் துணி உறையும் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கலாம். எங்காவது செம்பு பாடியில் தொட்டு ஷார்ட் ஆனால், 12 வோல்ட் அங்கே 6 வோல்ட்டைவிடப் பெரிய கரண்ட்டைத் தள்ளும். இது இரண்டாம் நிலைமை: அதே வழி, இரண்டு மடங்கு உயரம். வயர் கருகும் என்று பயந்தவர் சொன்னதில் இருக்கும் துளி உண்மை இதுதான். உறை உதிரும் வயர் எதையும் விட்டுவைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து புறப்படும் முதன்மை வயருக்குப் பல பழைய வண்டிகளில் ஃபியூஸே கிடையாது. அங்கே ஒரு ஃபியூஸும், பேட்டரியைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சும் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

பீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. புது 12 வோல்ட் பேட்டரி கொஞ்சம் உயரமாக இருந்துவிட்டால், பருமனான ஒருவர் உட்காரும்போது சீட்டின் ஸ்பிரிங் டெர்மினல்களைத் தொட்டு, சீட் தீப்பிடித்துக்கொள்ளும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை, உண்மையாகவே நடப்பது. உயரத்தை அளந்து வாங்கி, மேலே கெட்டியான மூடி போடுங்கள்.

## சட்டமும் அசலும்

50 ஆண்டுக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டிகளை "விண்டேஜ்" என்று தனியாகப் பதிவுசெய்ய 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம் கொடுத்தார்கள். அதில் கவனிப்பது சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கிறீர்களா என்பதை. காட்சிப் போட்டிகளில் நடுவர்கள் அதைவிடக் கறாராகப் பார்ப்பார்கள். போட்டிக்குப் போகும் வண்டி என்றால் 6 வோல்ட்டிலேயே வைத்துச் செப்பனிடுவதுதான் என் யோசனை.

எதுவானாலும், கழற்றிய டைனமோ, ரெகுலேட்டர், காயில், வைப்பர் மோட்டார் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் போட்டு வண்டியோடு வைத்திருங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்து இந்த வண்டியை வாங்குபவர் அசலுக்குத் திரும்ப ஆசைப்பட்டால் அந்தப் பெட்டிக்குப் பொன் விலை.

வேலை முடிந்த அன்று எஞ்சினைக் கொஞ்சம் வேகப்படுத்தி, பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 14-க்குச் சற்று மேலே நிலையாக நின்றால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால் உடனே அணைத்துவிட்டு ரெகுலேட்டரைப் பாருங்கள். அப்புறம் பேட்டரிக்குப் பக்கத்திலும் ஃபியூஸ் பெட்டி மூடியிலும் "12 வோல்ட், நெகட்டிவ் எர்த்" என்று பெயின்ட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை பேனட்டைத் திறக்கும் கை உங்களுடையதாக இல்லாமல் போகலாம்.